ஒவ்வொரு தளமாகத் திறந்தால் விடுபடாதா?

ஷேர்பாயிண்ட் சர்வரில் ஒரு கன்டென்ட் டைப் எந்தெந்த லிஸ்டில் இருக்கிறது என்று கேட்டால், நிரலாளர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: ஒவ்வொரு தளமாகத் திற, ஒவ்வொரு லிஸ்டாகப் பார், மெதுவாக ஓடினாலும் எதுவும் விடுபடாது. விடுபடாது என்பதுதான் தவறு. அப்படி எழுதும் லூப் பெரும்பாலும் டைப்பின் பெயரை ஒப்பிடுகிறது, இல்லையென்றால் ஐடி சமமா என்று பார்க்கிறது. பெயரை லிஸ்டின் நிர்வாகி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஐடியோ லிஸ்டுக்குள் நுழையும்போதே மாறிவிடுகிறது. ஒரு டைப்பை லிஸ்டில் சேர்த்தால் ஷேர்பாயிண்ட் அசலை அங்கே வைப்பதில்லை. அதன் பிள்ளையாக ஒரு நகலை உண்டாக்கி வைக்கிறது. தொடக்கத்திலுள்ள பதினாறடிமானக் குறியை விட்டுச் சொன்னால், டாக்குமென்ட் டைப்பின் ஐடி 0101. அதன் லிஸ்ட் நகலின் ஐடி அதே 0101-இல் தொடங்கி, 00 சேர்ந்து, பிறகு 32 இலக்கத் தனி அடையாளத்தோடு முடியும். சமமா என்று கேட்டால் இந்த நகல் சிக்காது. 0101-இல் தொடங்குகிறதா என்று கேட்டால் பேரப்பிள்ளை வரை அகப்படும்.

அந்தக் கேள்வியை ஒரு சைட் கலெக்ஷன் முழுவதற்கும் ஒரே தடவையில் கேட்கத்தான் எஸ்பிசைட்டேட்டாகுவரி இருக்கிறது. அதுவும் சிலவற்றை விட்டுவிடுகிறதே என்பார்கள். விடுவது உண்மை, காரணமும் தெரிந்ததே: எந்த வகை லிஸ்ட் என்று சொல்லாவிட்டால் அது பொது லிஸ்டுகளை மட்டுமே பார்க்கும், டாக்குமென்ட் லைப்ரரிகள் வேண்டுமானால் பேஸ்டைப் 1 என்று குறிக்க வேண்டும். லிஸ்டுகள் 1000-ஐத் தாண்டினால் பிழை காட்டி நின்றுவிடும்; அந்த வரம்பை 0 என்று வைத்தால் தளரும், ஆனால் டேட்டாபேஸின் சுமை கூடும் என்பதால் யோசித்தே செய்ய வேண்டும். இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்தக் குவரி தருவது ஐட்டங்களை. டைப்பைச் சேர்த்துவிட்டு இன்னும் ஒன்றும் பதியாத காலி லிஸ்ட் இதில் வராது. லிஸ்டுதான் தேவை என்றால் எஸ்பிகன்டென்ட்டைப்யூசேஜ் வகுப்பின் கெட்யூசேஜஸ் முறையை அழையுங்கள். டைப் பயன்படும் இடங்களின் முகவரிகளையும், அவற்றில் எது லிஸ்ட் என்பதையும் அதுவே சொல்லிவிடும். தளங்களைத் திறந்து, மறக்காமல் டிஸ்போஸ் செய்யும் வேலையும் மிச்சம்.

பல சைட் கலெக்ஷன்கள் என்றால் இந்த இரண்டும் தாண்டாது. தேடல் தாண்டும், ஆனால் கடைசியாக க்ரால் ஓடிய நேரம் வரைதான் அதற்குத் தெரியும். உடனடி விடை வேண்டுமானால் சைட் கலெக்ஷனுக்கு ஒரு சுற்று என்ற அளவில் லூப் நியாயம்தான். அதற்குக் கீழே இறங்கி லிஸ்ட் லிஸ்டாக ஓடும் நிரல் உங்களிடம் இருந்தால், இன்றே அதன் ஒப்பீட்டு வரியைத் திறந்து பாருங்கள்: சமக்குறி இருந்தால், அது தந்த பட்டியலை நம்ப வேண்டாம்.