ரப்பர் விலையும் கணினிப் படிப்பும்

இரண்டு செய்திகள் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். ஒன்று, கணினி படித்தவர்களுக்கு இனி வேலை இல்லை, நிரல் எழுதுவதைச் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் என்பது. மற்றொன்று, செமிகண்டக்டர் துறைக்கு ஆள் போதவில்லை, அதைப் படித்தால் கைமேல் வேலை என்பது. நான்காம் படிவத்துக்குப் பாடம் தேர்வு செய்பவர்களும், எஸ்.பி.எம். முடித்து யு.பி.யு. விண்ணப்பம் நிரப்புபவர்களும் பெரும்பாலும் இப்படிப்பட்ட செய்திகளை நம்பியே முடிவெடுக்கிறார்கள். பெற்றோரும் அப்படித்தான். இது தவறான வழி என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்ல நம் மலாக்காவின் ரப்பர் மரமே போதும்.

1896இல் தான் சாய் யான் என்பவர் மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னும் இடத்தில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர் தோட்டம் என்று அதையே குறிப்பிடுவார்கள். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்தவர்கள் காடுகளை வெட்டி, வேறு பயிர்களை அழித்து ரப்பர் நட்டார்கள். ஆனால், உங்கள் தாத்தா பாட்டிக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். விலையைக் கண்டு நட்ட மரங்களெல்லாம் ஒன்றாகப் பால் கொடுக்கத் தொடங்கின. உலகப் போருக்குப் பிந்தைய மந்தமும் சேர்ந்துகொண்டது. 1921இல் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே போயிற்று. 1922இல் ஆங்கிலேய அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் உற்பத்தியைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. விலை மீண்டும் ஏறியது. 1930களின் தொடக்கத்தில் மீண்டும் அடியோடு விழுந்தது. அப்போது ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து கப்பலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மரத்தை நடச் சொன்னவர் ஒருவர். அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பொருளியலில் ஒரு பெயர் உண்டு: சிலந்தி வலைக் கோட்பாடு. நிக்கோலஸ் கால்டோர் என்ற அறிஞர் 1934இல் இட்ட பெயர். இன்றைய விலையைப் பார்த்து உற்பத்தியை முடிவு செய்கிறோம். பொருள் சந்தைக்கு வருவதோ சில ஆண்டுகள் கழித்து. விலையும் அளவும் மாறி மாறிச் செல்வதை வரைபடத்தில் குறித்தால் கோடுகள் சிலந்தி வலை போலச் சுற்றும். ரிச்சர்ட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1976இல் இதே கோட்பாட்டைப் பொறியியல் பட்டதாரிகளுக்குப் பொருத்திக் காட்டினார். சம்பளம் கூடினால் மாணவர்கள் குவிகிறார்கள், சில ஆண்டுகளில் அத்தனை பேரும் ஒன்றாகப் பட்டம் பெற்று வெளியே வருகிறார்கள், சம்பளம் தேங்குகிறது, சேர்க்கை சரிகிறது, பிறகு பற்றாக்குறை.

இப்போது உங்கள் ஆண்டுகளை எண்ணுங்கள். 2026இல் நான்காம் படிவத்தில் இருக்கும் ஒருவர் எஸ்.பி.எம். எழுதி, மெட்ரிகுலேஷன் ஓராண்டு முடித்து, மூன்று அல்லது நான்கு ஆண்டு பட்டப்படிப்பையும் முடிக்கும்போது 2032 அல்லது 2033 ஆகிவிடும். ஆறேழு ஆண்டுகள். ரப்பர் கன்று பால் மரமாகும் காலமும் அதுதான். (டிப்ளோமா எடுப்பவரின் கணக்கு வேறு. அது மூன்றே ஆண்டில் குலை தள்ளும் செம்பனையைப் போன்றது. சந்தைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும்.)

கணினித் துறையில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. இணைய நிறுவனங்களின் பங்கு விலைகள் 2000ஆம் ஆண்டில் சரிந்தன. அந்த ஆண்டுக்கும் 2004க்கும் இடையில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களில் கணினி அறிவியல் படிக்க விரும்பியவர்களின் விகிதம் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஆனால் 2007இல் ஐபோன் வந்தது, கைப்பேசிச் செயலிகள் வந்தன, ஆள் கிடைக்கவில்லை. கூட்டம் விலகிப் போன நேரத்தில் அந்தப் படிப்பில் இருந்தவர்களுக்கே நல்ல காலம் வாய்த்தது. பிறகு கூட்டம் திரும்பியது. 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் நீக்கப்போவதாக அறிவித்தன. ‘ஐ.டி. முடிந்தது’ என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியது.

செமிகண்டக்டர் செய்தியும் பொய்யல்ல. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியியலாளர்களை உருவாக்க வேண்டும் என்கிறது. பத்து பெரெண்டாமில் இன்று இன்ஃபினியன் என்ற பெயரில் இயங்கும் ஆலை 1973இல் சீமென்ஸ் தொடங்கியது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2023இல் கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் பெரிய விரிவாக்கத்தை அறிவித்தது. டுரியான் துங்கலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆயர் குரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழக வளாகம் என்று படிக்கும் இடங்களும் பேருந்துத் தொலைவில்தான். ஆனால், 60,000 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஒரு துறைக்குள் நுழைவது 1910இன் விலையைப் பார்த்து மரம் நடுவதுதான்.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பயத்துக்கும் ரப்பரிலேயே ஒரு முன்கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரை ஆலைகளில் பெருமளவில் தயாரித்தது. இனி மரம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. மலாயாவின் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற, அதிகப் பால் தரும் ஒட்டு ரகங்களைக் கொண்டுவந்தது. பழைய மரங்கள் வெட்டப்பட்டு அவை நடப்பட்டன. சூட்டைத் தாங்க வேண்டிய விமான டயருக்கு இன்றும் இயற்கை ரப்பர்தான். சாதாரண வேலைகளை ஆலை ரப்பர் எடுத்துக்கொண்டது. மற்றதெல்லாம் மரத்திடமே இருந்தது. சாதாரண நிரலை இயந்திரம் எழுதும், இப்போதே எழுதுகிறது. அது எழுதியது சரியா, எங்கே உடையும் என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

அப்படிப் பார்க்கத் தெரிய என்ன வேண்டும்? கணிதம். எனக்குக் கவலை தருவது இதுதான். தோட்டப்புறங்களிலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் வரும் நம் பிள்ளைகளில் பலர் நான்காம் படிவத்திலேயே கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் விட்டுவிடுகிறார்கள். ‘கஷ்டம்’, ‘டியூஷனுக்குப் பணம் இல்லை’, ‘சுலபமான பாடத்தில் ஏ எடுக்கலாம்’ என்கிறார்கள். பதினாறு வயதில் எடுக்கும் அந்த முடிவு, பின்னால் எந்தச் செய்தி வந்தாலும் திறக்க முடியாதபடி பல கதவுகளை மூடிவிடுகிறது. மென்பொருளின் விலை கூடலாம், சில்லின் விலை குறையலாம். இரண்டுக்கும் அடியில் இருக்கும் சார்புகளும் அணிகளும் நிகழ்தகவும் மாறுவதில்லை. கூடுதல் கணிதத்தில் சி எடுத்தாலும் பரவாயில்லை, விடாதீர்கள் என்றே சொல்வேன். எல்லா ஆசிரியர்களும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பள்ளியின் தேர்ச்சிக் கணக்கு அவர்களுக்கு முக்கியம்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பத்து பெரெண்டாமுக்கு ஆலைப் பேருந்தில் போய் வரும் ஓர் அக்காவோ மாமாவோ இருப்பார். இரவு ஷிப்டில் இயந்திரம் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுகிறார்கள், வருபவர் முதலில் எதைப் பார்க்கிறார், அவர் என்ன படித்தவர் என்று அவரிடம் கேளுங்கள். பாடத் தேர்வுப் பாரத்தைப் பிறகு நிரப்பலாம்.