பெட்டி கட்டுமுன் ஒரு வார்த்தை

 

ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்துவிட்டது என்ற செய்தி வந்த நாளிலிருந்து வீடு கல்யாண வீடு போல ஆகிவிடுகிறது. விருந்துக்கு அழைப்பவர்கள் ஒரு பக்கம், துஆச் செய்யச் சொல்லி வருபவர்கள் ஒரு பக்கம். இடையில் வீட்டுப் பெண்களின் பேச்செல்லாம் பெட்டியைப் பற்றியே இருக்கும். எதைக் கொண்டு போவது, எதை விட்டுப் போவது? இந்த மாதம் அதைப் பற்றியே பேசுவோம். "மௌலவிக்குப் பெட்டி கட்டுவதைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால் நேர்ந்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவோடு வழிகாட்டியாகப் போனேன். புறப்படுமுன் பல வாரங்கள் வகுப்பு நடத்தினேன். தவாப், ஸஃயு, துஆக்கள் எல்லாவற்றையும் படிப்பித்தேன். "துஆக் கிதாபு எப்போதும் கையில் இருக்க வேண்டும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். குழுவில் சீனி வியாதியுள்ள ஓர் உம்மா இருந்தார். அவர் என் சொல்லை அப்படியே கேட்டார். கைப்பையில் கிதாபையும் தஸ்பீஹையும் வைத்தார். இடம் போதாமல் மருந்துகளைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டார். அந்தப் பெட்டி எங்களோடு வந்து சேரவில்லை. இரண்டு நாள் கழித்தே கிடைத்தது. அதற்குள் அவர் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். கஃபாவுக்கு அவ்வளவு கிட்டவிருந்தும், இஹ்ராமோடு கட்டிலில் படுத்தபடி, "மௌலவி, எனக்கு எப்போது தவாப் செய்யலாம்?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்தாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்து அவருடைய உம்ராவை முடித்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஹஜ்ஜும் நிறைவேறியது. ஆனால் வகுப்பில் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத குறை என்னுடையதே.

கட்டுச்சாதமும் இபாதத்தே

யமன் நாட்டவர் சிலர் பயணத்துக்குத் தேவையானவற்றை எடுக்காமலே ஹஜ்ஜுக்கு வருவார்கள். "நாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள்" என்பார்கள். மக்காவுக்கு வந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். இதை இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிப்பதாக ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. அவர்களைத் திருத்தவே ஸூரத்துல் பகராவின் 197ஆம் வசனம் இறங்கியது. பயணத்துக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளும்படியும், சேர்ப்பவற்றில் மிகச் சிறந்தது தக்வா என்றும் அல்லாஹ் அதில் கட்டளையிடுகிறான். ஆகவே பெட்டியை ஒழுங்காகக் கட்டுவது தவக்குலுக்கு மாற்றமானதல்ல. தக்வா இல்லாமல் பெட்டியை மட்டும் நிரப்புவதும் போதாது.

கைப்பையில் இருக்க வேண்டியவை

பெட்டி தொலைந்தாலும் மூன்று நாள் சமாளிக்கக்கூடியவை கைப்பையில் இருக்க வேண்டும். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது மருந்து. சீனி, பிரஷர், இருதய நோய்க்கு எடுக்கும் மாத்திரைகளைப் பயண நாட்களுக்கும் மேலாகப் பத்து நாளுக்குக் கூடுதலாக எடுங்கள். அவற்றை அவற்றின் உறையோடும், டொக்டரின் கடிதத்தோடும் வையுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே வேண்டாம். சரக்கறையின் குளிரில் உறைந்து பழுதாகிவிடக் கூடும். தூக்க மாத்திரை, கடுமையான வலிக்கான மாத்திரை போன்றவற்றுக்கு ஸவூதியில் கட்டுப்பாடு உண்டு. டொக்டரின் கடிதம் இல்லாமல் கொண்டு போகாதீர்கள்.

இரண்டாவது இஹ்ராம். விமானம் ஜித்தாவில் இறங்குமுன்னரே மீக்காத் எல்லையைக் கடந்துவிடுகிறது. உங்கள் கணவருடைய அல்லது மகனுடைய இஹ்ராம் துணி பெரிய பெட்டிக்குள் போய்விட்டால் ஆகாயத்தில் என்ன செய்வது? நேரே மக்கா போகும் பயணமானால் அதை உடுத்திக்கொண்டோ, கையில் வைத்துக்கொண்டோதான் ஏற வேண்டும். பெண்களுக்குத் தனியான இஹ்ராம் உடை இல்லை. வழமையான, உடலை மறைக்கும் உடையே போதும். வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நிகாபும் கையுறையும் மட்டும் இஹ்ராமில் கூடாது.

மூன்றாவது, கடவுச்சீட்டும் அதன் பிரதிகளும், தடுப்பூசி அட்டை, கொஞ்சம் றியால், ஒரு சோடி மாற்றுடை. மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னரே போட்டிருக்க வேண்டும். கடைசி வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள். 100 மில்லிலீட்டருக்கு மேற்பட்ட திரவப் போத்தல்களும் கத்தரிக்கோலும் கைப்பையில் வேண்டாம். முடி கத்தரிக்கும் சிறு கத்தரிக்கோலைப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

பெரிய பெட்டியில்

நான்கு அல்லது ஐந்து சோடி பருத்தி உடை போதும். அங்கே கழுவினால் விரைவில் காய்ந்துவிடும். மணமில்லாத சவர்க்காரம், மணமில்லாத வஸ்லின் இரண்டும் அவசியம். இஹ்ராமில் மணப்பொருள் பாவிக்க முடியாது. நடந்து தொடை உராயும்போது வஸ்லினின் அருமை தெரியும். பனடோல், ஜீவனி, இருமல் மருந்து, பிளாஸ்டர், ஒரு குடை ஆகியவற்றையும் சேருங்கள். ஹரத்துக்குள் செருப்பைப் போட்டு எடுத்துச் செல்ல ஒரு சிறு துணிப்பை தைத்துக்கொள்ளுங்கள்.

செருப்பைப் பற்றி ஒரு முக்கிய விடயம். புதுச் செருப்போடு போகாதீர்கள். ஒரு மாதமாவது போட்டுப் பழகியதையே கொண்டு போங்கள். ஸபா, மர்வாவுக்கிடையில் ஏழு முறை நடப்பது மட்டுமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர். சீனி வியாதியுள்ளவரின் காலில் ஒரு கொப்புளம் வந்தால் அது சிறு விடயமல்ல. ஆகவே இப்போதிருந்தே ஸுபஹுக்குப் பின் அரை மணி நேரம் நடந்து பழகுங்கள்.

மாசிச் சம்பல் ஒரு சிறு போத்தல் கொண்டு போகலாம். வாய்க்கு ருசி கெட்டவருக்கு உதவும். ஆனால் பெட்டியை மளிகைக் கடையாக்க வேண்டாம். கசகசா ஸவூதியில் தடை செய்யப்பட்ட பொருள். கறித்தூள், இனிப்புப் பண்டம் எதிலும் அது கலந்திருக்கக் கூடாது. யார் எதைத் தந்து "அங்கே இன்னாரிடம் கொடுங்கள்" என்றாலும், திறந்து பாராமல் வாங்காதீர்கள்.

பெட்டியின் மேல் "ஸ்ரீலங்கா" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒரே நிறப் பெட்டிகள் நூறு வரும். பெயர், குழுவின் பெயர், தொலைபேசி இலக்கம் மூன்றையும் உள்ளேயும் வெளியேயும் எழுதுங்கள். தூரத்திலேயே அடையாளம் தெரியக் கைபிடியில் ஒரு நிறத் துணியைக் கட்டுங்கள்.

மினாவுக்கு ஒரு சிறு பை

துல்ஹஜ் பிறை 8இல் மினாவுக்குப் போகும்போது பெரிய பெட்டி உங்களோடு வராது. கூடாரத்தில் ஒருவருக்குக் கிடைப்பது படுக்கும் இடம் மட்டுமே. இரண்டு சோடி உடை, மெல்லிய விரிப்பு, மருந்து, தண்ணீர்ப் போத்தல், ஜீவனி, சவர்க்காரம், மேலதிகச் செருப்பு. இவ்வளவுதான். முஸ்தலிபாவில் இரவு தங்கும்போதும் நீங்களே சுமக்கப் போகும் பை அது. வீட்டில் அதைத் தோளில் மாட்டி ஒரு மைல் நடந்து பாருங்கள். முடியவில்லையென்றால் பாதியை வெளியே எடுங்கள்.

வெயிலை இலேசாக எண்ணாதீர்கள். 2024 ஹஜ்ஜில் வெப்பம் 50 பாகையையும் தாண்டியது. 1,301 பேர் மௌத்தானதாக ஸவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலானோர் அனுமதியின்றிச் சென்று, கூடாரமோ வாகனமோ இன்றி வெயிலில் நடந்தவர்கள். "குறைந்த காசில் வேறு வீசாவில் கூட்டிப் போகிறேன்" என்று ஒருவர் வந்தால் இதை நினைவில் வையுங்கள். உங்கள் அனுமதி அட்டையை எந்நேரமும் கழுத்தில் அணிந்திருங்கள்.

பெண்கள் கேட்கத் தயங்கும் கேள்வி

மாதவிடாய் வந்துவிட்டால் ஹஜ் கெட்டுவிடுமா என்று பலர் மனதுக்குள் அழுகிறார்கள். விடைபெறும் ஹஜ்ஜின்போது ஆயிஷா (ரழி) அவர்களுக்கும் மக்காவை நெருங்கிய வேளையில் இது ஏற்பட்டது; அவர்களும் அழுதார்கள். தவாபைத் தவிர ஹாஜிகள் செய்யும் மற்ற எல்லாவற்றையும் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அரபாவில் நிற்கலாம், திக்ர் செய்யலாம், கல்லெறியலாம். சுத்தமான பின் தவாப் செய்யலாம். ஊர் திரும்பும் நேரத்தில் வந்தால் விடைபெறும் தவாப் அவள்மீது இல்லை. மாதவிடாயைத் தள்ளிப் போடும் மாத்திரை எடுக்க நினைப்பவர்கள் சில மாதங்களுக்கு முன்னரே டொக்டரைக் காணுங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கும் இரத்தம் உறையும் நோயுள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். அடுத்த வீட்டு ராத்தா எடுத்தார் என்று நீங்களும் எடுக்காதீர்கள். தேவையான துணியையோ பேடையோ எப்படியும் பையில் வைத்திருங்கள்.

வீட்டிலே விட்டுப் போக வேண்டியவை

கப்பலேறிப் போன காலத்தில் நம் மூத்தவர்கள் கபன் துணியையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனதாகக் கேட்டிருக்கிறோம். திரும்பி வராமலும் போகலாம் என்ற நினைப்பு அவர்களுக்கு இருந்தது. அதனால் கணக்கைத் தீர்த்துவிட்டே கப்பலேறினார்கள். இன்று போகும்போதே வரும் நாளும் டிக்கட்டில் இருக்கிறது. அந்த நினைப்புத்தான் நம்மிடம் குறைந்துவிட்டது.

ஒரு கொப்பியை எடுத்து எழுதுங்கள். யாருக்கு எவ்வளவு கடன்? சீட்டுக் காசு யாருக்குக் கட்ட வேண்டும்? இரவல் வாங்கிய நகை யாருடையது? யாருடைய அமானிதம் உங்கள் அலுமாரியில் இருக்கிறது? இதுவே உங்கள் வஸிய்யத். அதை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள். கடன்பட்டு விருந்து வைப்பதை விட, விருந்தை நிறுத்திக் கடனைக் கொடுப்பது மேல்.

பிறகு, பேசாமலிருக்கும் அந்த ஒரு வீட்டுக்குப் போங்கள். நாற்பது வீட்டுக்கு ஸலாம் சொல்லிவிட்டு, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருக்கும் மச்சியிடம் சொல்லாமல் போவது என்ன ஹஜ்? "பிழை பொறுத்துக்கொள்ளுங்கள்" என்பதை ஊருக்கெல்லாம் சொல்வது இலகு. உண்மையில் பிழை செய்த ஒருவரிடம் சொல்வதுதான் கடினம். அந்தப் பாரம்தான் எல்லாவற்றிலும் கூடிய நிறை. அதை இங்கேயே இறக்கி வைத்துவிட்டால் மற்றப் பெட்டிகளைச் சுமப்பது இலேசு.

இம்முறை புறப்படும் எல்லோருக்கும் அல்லாஹ் பயணத்தை இலகுவாக்கி, ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹஜ்ஜாக ஆக்கித் தருவானாக! போகும் பாக்கியம் இன்னும் கிடைக்காத நமக்கும் அதை எழுதுவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.