விறகடுப்பும் விலாசம் மாறும் புகையும்

மார்கழி பிறந்துவிட்டால், குளிர்நாடுகளில் வாழும் தமிழ் நண்பர்களின் எழுத்துகளில் கணப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. வெளியே பனி, உள்ளே சடசடத்து எரியும் கட்டை, கையில் ஒரு புத்தகம். வாசிக்க இதமாகத்தான் இருக்கிறது. இங்கே நம் நெடுஞ்சாலை உணவகங்களோ ‘விறகடுப்புச் சமையல்’ என்ற பலகையை விளக்குப் போட்டுக் காட்டுகின்றன. விறகின் மீதான இந்த ஏக்கம் பெரும்பாலும் அதைக் கைவிட்டவர்களுக்கே உரியது. கைவிட முடியாதவர்கள் அதைப் பற்றி எழுதுவதில்லை. அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதுகுழலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாதவரத்தில் இருந்துகொண்டு வீட்டைச் சூடாக்குவது பற்றிப் பேசுவது நகைப்புக்குரியது என்று சிலர் எண்ணக்கூடும். சித்திரை மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீரில் கைவைக்க முடியாத ஊர் இது. ஆனால் விறகைச் சிக்கனமாகவும் புகையின்றியும் எரிப்பது எப்படி என்ற கேள்வி குளிர்நாடுகளுக்கு மட்டுமானதன்று. அறையைச் சூடாக்கினாலும் உலையைக் கொதிக்க வைத்தாலும் நெருப்பின் விதி ஒன்றுதான். வடசென்னையில் அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். விறகு அப்படியே எரிவதில்லை. சூடேறும்போது அதன் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு வாயுவாகவும் ஆவியாகவும் பிரிந்து வெளியேறுகிறது. சுடராக நாம் காண்பது அந்த வாயு எரிவதைத்தான். மிஞ்சுவது கரி. வெளியேறிய வாயுவுக்குப் போதுமான வெப்பமும் காற்றும், இரண்டும் கலப்பதற்கான நேரமும் கிடைத்தால் அது முழுவதும் எரிந்துவிடும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் எரியாமல் தப்பிவிடும். தப்பியதன் பெயர் புகை. ஆகவே புகை என்பது நெருப்பின் இயல்பு அன்று. காசு கொடுத்து வாங்கிய எரிபொருள் பயன்படாமல் மூச்சில் கலப்பது. சிக்கனமும் சுத்தமும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

ஈர விறகை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய புதிதில் ஒரு கிலோ விறகில் பாதி தண்ணீர்தான். அந்த அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 1.3 மெகா ஜூல் வெப்பம் செலவாகிறது. மீதி அரைக் கிலோ மரத்தில் இருப்பது சுமார் 9 மெகா ஜூல். ஏழில் ஒரு பங்குதானே நட்டம் என்று தோன்றும். உண்மையான நட்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஆவியாகும் தண்ணீர் சுடரைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த சுடரால் புகையை எரிக்க முடிவதில்லை. ஓர் ஆண்டு கூரைக்கடியில் கிடந்து உலர்ந்த விறகுக்கும் நேற்று வெட்டிய விறகுக்கும் உள்ள வேறுபாடு, கண்ணெரிச்சலாக உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கு. இருபது லிட்டர் தண்ணீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர, அதாவது 28 பாகையிலிருந்து 45 பாகைக்கு ஏற்ற, ஏறக்குறைய 1.4 மெகா ஜூல் போதும். நன்கு உலர்ந்த விறகு 90 கிராமில் அது இருக்கிறது. ஆனால் மூன்று கல் அடுப்பு விறகின் வெப்பத்தில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காட்டையே பாத்திரத்துக்குத் தருகிறது என்பதால் அதற்கு 600 முதல் 900 கிராம் வரை தேவைப்படுகிறது. எஞ்சியது சுவருக்கும் காற்றுக்கும் சமைப்பவரின் நுரையீரலுக்கும் போகிறது.

குளிர்நாடுகள் இதைத் தேவையின் அழுத்தத்தில் கற்றுக்கொண்டன. பதினெட்டாம் நூற்றாண்டு சுவீடனில் விறகுத் தட்டுப்பாடு கடுமையானபோது, க்ரோன்ஸ்டெட், வ்ரேடே என்ற இருவர் 1767இல் புதிய ஓட்டடுப்பு ஒன்றை வடிவமைத்தார்கள். புகை நேராக மேலே போய்விடாமல், செங்கல்லுக்குள் மேலும் கீழுமாக அலைந்து வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் அமைப்பு அது. கொஞ்ச விறகைக் கொழுந்துவிட்டு எரித்துவிட்டால் செங்கல் பல மணி நேரத்துக்கு அறையைச் சூடாக வைத்திருக்கும். கணப்பு உண்மையிலேயே தேவைப்பட்ட நம் உதகையில் நடந்தது வேறு. அங்கே குடியேறிய வெள்ளையர்கள் விறகுக்காகச் சோலைக்காடுகளை அழித்தார்கள்; பற்றாக்குறையைப் போக்க, 1843இல் காட்டன் என்ற ராணுவ அதிகாரி கொண்டுவந்த ஆஸ்திரேலியக் கற்பூர மரத்தை மலையெங்கும் நட்டார்கள். சுவீடன் அடுப்பை மாற்றியது; உதகையில் மலையை மாற்றினார்கள்.

நமக்கு அடுப்பறிவே இருந்ததில்லை என்பதன்று. சென்னை வீடுகளின் பின்கட்டில் இருந்த செம்பு பாய்லரை நினைவுகூரலாம். நெருப்பு நடுக்குழாயில், தண்ணீர் அதைச் சுற்றி. வெப்பம் எந்தப் பக்கம் போனாலும் தண்ணீரைக் கடந்துதான் போயாக வேண்டும். நாலு கொட்டாங்கச்சியில் ஒரு குடும்பம் குளித்தது. மரத்தூள் அடுப்பும் அப்படியே. தகர டின்னின் நடுவே ஒரு புட்டியை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி, புட்டியை உருவிவிட்டால் நடுவில் ஒரு துளை. அந்தத் துளையே புகைபோக்கியாகவும் எரிகலமாகவும் ஆகிவிடும். ஒருமுறை பற்றவைத்தால் ஊத வேண்டிய வேலையில்லை. விறகுத் தொட்டியும் மரவாடியும் இருந்த பேட்டைகளில் ஏழைகளின் அடுப்பு அதுவாகத்தான் இருந்தது. காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால் கரியமில நச்சுவாயு ஆளைக் கொல்லும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அறிஞர்களும் முயலாமல் இல்லை. தஞ்சையில் பிறந்த ஜே.சி.குமரப்பா வழிநடத்திய வார்தா மகன்வாடியிலிருந்து ‘மகன் அடுப்பு’ வந்தது. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி.ராஜு, புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை உருவாக்கி, கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆங்கில நூலும் எழுதினார். 1953இல் அதை வெளியிட்டது சென்னையின் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். பிறகு மத்திய அரசே 1980களின் தொடக்கம் முதல் 2002 வரை நாடெங்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட மேம்படுத்தப்பட்ட அடுப்புகளை விநியோகித்தது.

அவை என்னவாயின? ஹன்னா, டூஃப்லோ, கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. முதலாண்டில் புகை குறைந்தது. பிறகு அடுப்பு விரிசல்விட்டது, புகைபோக்கி அடைத்துக்கொண்டது, பூசிச் சீர்செய்ய ஆளில்லை; பெண்கள் பழைய அடுப்புக்குத் திரும்பினார்கள். உடல்நலத்தில் நீடித்த பயன் எதுவும் தென்படவில்லை. ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரிந்த அடுப்பு வீட்டில் தோற்றது என்றால், குற்றம் வீட்டின் மேல் அன்று. அடுப்பை வடிவமைத்தவர்கள் அதன் முன்னால் குந்தியிருப்பவளைக் கேட்காமலே வடிவமைத்தார்கள் என்பதே என் எண்ணம். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்ற தலைப்பே ஒரு கட்டடக்கலை விமர்சனம். சன்னலும் புகைபோக்கியும் கடைசியாக நினைவுக்கு வரும் அறை அது.

எரிவாயு வந்த பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று வாதிடலாம். தமிழகத்தில் 2006 தேர்தலுக்குப் பின் வந்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டமும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன என்பதில் ஐயமில்லை. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 58.6 விழுக்காட்டினரே சுத்தமான எரிபொருளில் சமைத்தார்கள். இணைப்பு உள்ள வீட்டிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு தொடர்கிறது. சென்னையில் 14.2 கிலோ உருளையின் விலை 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு. மாதக் கடைசியில் உருளை தீர்ந்தால் அடுத்தது வாங்கச் சம்பள நாள்வரை காத்திருக்கும் வீடு, அந்த இடைவெளியில் எதை எரிக்கும்?

போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். இந்தியா, கௌதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்கள். இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டவை நம் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிபொருளும் இலவசம். அவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு ஏறக்குறைய 71 மைக்ரோகிராமிலிருந்து 24ஆக இறங்கியது. ஆனால் 2022இல் முடிவு வெளியானபோது, குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எரிவாயு பயனற்றது என்று இதைப் படிப்பது தவறு. மூச்சில் மூன்றில் இரண்டு பங்கு புகை குறைவது சிறிய விஷயமன்று. ஆனால் அடுப்பை மாற்றியவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்ற அரசு விளம்பரங்களின் எளிய நம்பிக்கைக்கு இது ஒரு கடிவாளம். அந்த 24கூட, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பான 5ஐப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. வீட்டுக்குள் அடுப்பை அணைத்தாலும் வெளியிலிருந்து வரும் காற்று மிச்சமிருக்கிறது.

இங்கேதான் வடசென்னையின் கேள்வி வருகிறது. தென்சென்னை வீட்டில் நீலச் சுடர் புகையில்லாமல் எரிகிறது. அந்த எரிவாயுவைக் கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று 1969 முதல் மணலியில் இயங்குகிறது. மணலி மாதவரத்தின் அண்டை ஊர். மின்னடுப்புக்கு மாறுங்கள் என்கிறார்கள்; மின்சாரத்தில் ஒரு பகுதி எண்ணூரிலிருந்து வருகிறது. அங்கிருந்த பழைய அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் நிலையமும் தொடர்கின்றன. அவற்றின் சாம்பல் கொற்றலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்ததும் அதே கழிமுகத்தில்தான். நகரத்துச் சமையலறைகளில் புகை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. அதில் ஒரு பகுதி விலாசம் மாறி வந்திருக்கிறது.

அப்படியென்றால் விறகுக்கே திரும்பிவிடலாமா? கூடாது. உயரமான புகைபோக்கியின் புகை காற்றில் கலந்து நீர்த்த பின்னரே மூச்சை அடைகிறது. அடுப்பின் புகையோ முகத்துக்கு ஒரு முழம் தள்ளி எழுகிறது. உலகில் 2020இல் மட்டும் வீட்டுப் புகையால் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மேலும், ஓர் ஆலையின் புகையை வடிகட்ட ஓரிடத்தில் கருவி பொருத்தினால் போதும். லட்சம் அடுப்புகளில் அது இயலாது. ஆனால் இந்த வாதம் நேர்மையாக இருக்க வேண்டுமானால் கருவி பொருத்தப்பட்டாக வேண்டும். அனல்மின் நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் வரம்பு வகுத்த மத்திய அரசு, அதற்கான காலக்கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. குடிசைக்காரியின் அடுப்புக்குக் கருணை பொழியும் கொள்கை, ஆலையின் புகைபோக்கிக்குத் தவணை கொடுக்கிறது. போகியன்று டயர் கொளுத்தாதீர்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லப்படுகிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் போகி ஒரு நாள்.

வேறு வழியின்றி விறகு எரிப்பவர்களிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. எங்கள் பகுதியில் விறகென்று கிடைப்பதில் பாதி, கிடங்குகளில் கழித்துப் போட்ட சரக்குப் பலகைகள். துறைமுகம் வழியே வெளிநாட்டிலிருந்து வரும் பலகையில் ஒரு முத்திரை இருக்கும். ‘எச்.டி.’ என்றிருந்தால் அது பூச்சிக்காகச் சூட்டில் வாட்டப்பட்டது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப் புகை போடப்பட்டது. அதை அடுப்பில் வைக்கக் கூடாது. ஒட்டுப்பலகையும் சாயம் பூசிய மரமும் எந்த அடுப்புக்கும் ஆகாதவை. பற்றவைக்கப் பிளாஸ்டிக் பை வேண்டாம், தென்னம்பாளை போதும். விறகைச் சிறிதாகப் பிளந்து, மழைபடாமல் உலர்த்தி, அடுப்பில் திணிக்காமல் காற்றுக்கு இடம்விட்டு எரித்தால் பாதிப் புகை போய்விடும். மீதிப் பாதிக்குக் கூரைக்கு மேலே நீளும் குழாய் வேண்டும்.

இவை தற்காலிக நிவாரணங்கள். கேட்க வேண்டியவை வேறு. இணைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டாடுவதை விடுத்து, ஏழை வீடு ஆண்டுக்கு எத்தனை உருளை நிரப்ப முடிகிறது என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மானியம் அங்கே போக வேண்டும். வெந்நீருக்கு, ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் இந்த ஊரில் நெருப்பே தேவையில்லை. குடிசை மாற்று வாரியம் என்று அறியப்பட்டு, இன்று நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் பெற்றிருக்கும் அமைப்பு கட்டும் அடுக்ககங்களின் மொட்டை மாடிகளில் சூரிய வெந்நீர்க் கலன்கள் ஏன் கட்டாயமாகக் கூடாது? சமையலறைக்குச் சரியான சன்னல் வைக்க எந்தத் தொழில்நுட்பத்துக்காகக் காத்திருக்கிறோம்?

விறகடுப்புச் சோற்றின் மணத்தை எழுதுபவர்கள் எழுதட்டும். அந்த மணம் பொய்யன்று. ஆனால் அதை எழுதும்போது, ஊதுகுழலைப் பிடித்திருந்த கை யாருடையது என்பதையும் ஒரு வரி எழுதிவிட வேண்டும். அதேபோல, புகையில்லாத சமையலறையில் அமர்ந்து சுத்தமான எரிபொருளைப் பரிந்துரைப்பவர்கள், மாநகரப் பேருந்தில் ஏறி ஒரு முறை எண்ணூர்வரை வந்து போகலாம். தங்கள் வீட்டுப் புகைபோக்கி எங்கே நிற்கிறது என்று அப்போது தெரியவரும்.