சுகப்பிரசவம்... யாருக்குச் சுகம்?

ஆபரேஷன் இல்லாமல் குழந்தை பிறந்துவிட்டால் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் சுகப்பிரசவம். உள்ளே ஒருத்தி பன்னிரண்டு மணி நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறியிருப்பாள். வராந்தாவில் காத்திருப்பவர்களுக்குச் செய்தி வரும்: "சுகப்பிரசவம்தான், கவலைப்படாதீங்க!" உடனே ஸ்வீட் வாங்க ஆள் கிளம்பிவிடும். அந்தச் சுகத்தில் அவள் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

இந்த வாரம் அதைக் கேட்க வைத்தவர், ஜவ்வாது மலையிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிய ஓர் அம்மா. ஜமுனாமரத்தூர் பக்கம் சின்ன ஊர்.

"எனக்கு மூணு புள்ளைங்க. மூணையும் வலி தாங்கித்தான் பெத்தேன். பொண்ணைக் கீழ வேலூர்ல கட்டிக் குடுத்திருக்கோம். இப்ப ஏழு மாசம். வலி தெரியாம பெத்துக்க முதுகுல ஊசி இருக்குதாம், போட்டுக்கட்டுமான்னு கேக்குது. அதைப் போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிங்கறாங்க. போட்டுக்கலாமா? இன்னொண்ணு, அந்த ஊசி எங்க மலையில கிடைக்குமா?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவதுதான் நம் எல்லாரையும் பார்த்துக் கேட்ட கேள்வி.

அந்த ஊசி என்ன செய்கிறது?

அதன் பெயர் எபிடியூரல். தண்டுவடத்தைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே உள்ள மெல்லிய இடைவெளியில் மருந்தைச் செலுத்தினால், கர்ப்பப்பையிலிருந்து வலியைக் கொண்டுபோகும் நரம்புகள் மரத்துப்போகும். 1921-ல் ஃபிடெல் பாகெஸ் என்ற ஸ்பெயின் நாட்டு ராணுவ மருத்துவர் இந்த முறையை எழுதி வெளியிட்டார். அவர் யோசித்தது அறுவை சிகிச்சைக்காக. பிரசவ அறைக்கு வந்தது பிறகுதான்.

மயக்க மருத்துவர், இடுப்புக்கு மேலே மரத்துப்போக ஒரு சின்ன ஊசி போட்டுவிட்டு, இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே நூல் போன்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்து, ஊசியை எடுத்துவிடுவார். அந்தக் குழாய் வழியாகக் குழந்தை பிறக்கும்வரை மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பதினைந்து, இருபது நிமிடங்களில் வலி இறங்க ஆரம்பிக்கும். தாய் முழு நினைவோடு இருப்பார், பேசுவார். இப்போது கொடுக்கும் குறைந்த அளவு மருந்தில், வயிறு இறுகுவதும் கீழே அழுத்துவதும் பலருக்குத் தெரியும். அதனால் முக்கித் தள்ளவும் முடியும்.

சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுவது ஸ்பைனல். அது உறையைத் தாண்டி உள்ளே ஒரே தடவை போடும் ஊசி. இரண்டையும் நாம் "முதுகுல போடுற ஊசி" என்றே சொல்வதால், ஒன்றின் கதை இன்னொன்றின் தலையில் விழுகிறது.

பயங்கள்

ஆயுசுக்கும் முதுகுவலி வருமா? ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால், நாள்பட்ட முதுகுவலிக்கு எபிடியூரல் காரணமில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு முதுகுவலி ஊசியே போடாதவர்களுக்கும் வருகிறது. பத்து மாதச் சுமை, குனிந்து உட்கார்ந்து பால் கொடுப்பது, ஓய்வில்லாத வீட்டு வேலை... இதையெல்லாம் விட்டுவிட்டு ஊசியை மட்டும் திட்டுகிறோம்.

தண்டுவடத்தில் குத்திவிடாதா? பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே.

இதைப் போட்டால் சிசேரியனில் முடியுமா? 2018-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, எபிடியூரலால் சிசேரியன் கூடுவதில்லை. பிரசவத்தின் கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளலாம்.

தொல்லையே கிடையாதா என்றால், உண்டு. பிபி இறங்கலாம், காய்ச்சல், உடம்பு அரிப்பு வரலாம், சிறுநீர் போக குழாய் தேவைப்படலாம். சுமார் நூறில் ஒருவருக்கு, ஊசி உறையில் பட்டுக் கடுமையான தலைவலி வருவதுண்டு. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், ஊசி போடும் இடத்தில் தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாகப் போட மாட்டார்கள்.

ஆகவே அம்மா, டாக்டர் சரி என்றால் உங்கள் மகள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்று அவரே முடிவு செய்தால் அதுவும் சரி. வலி அவருடையது, முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

மலைக்கு ஏன் வரவில்லை?

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. எபிடியூரலுக்கு மருந்து மட்டும் போதாது. போடத் தெரிந்த மயக்க மருத்துவர் வேண்டும். தாயின் பிபியையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் விடாமல் பார்க்க ஆள் வேண்டும். சிக்கல் வந்தால் அடுத்த அறையில் ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. போளூர் வழியே திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரிக்கோ, இன்னொரு பக்கம் அடுக்கம்பாறைக்கோ இறங்க வேண்டும். மயக்க மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனையிலும் அவருக்கு முதல் அழைப்பு தியேட்டரிலிருந்துதான் வரும். வலியில் துடிப்பவளின் முறை கடைசி.

சாலை எட்டாத மலைக்கிராமங்களில் கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். உயிரோடு கீழே வந்து சேர்வதே பெரும்பாடு என்று இருக்கும் இடத்தில், வலி குறைக்கும் ஊசியைப் பற்றிப் பேசுவதே ஆடம்பரமாகத் தோன்றும். கூடவே, "மலை ஜனங்க உடம்பு உழைச்ச உடம்பு, வலி தெரியாது" என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். விறகு சுமக்கிறவளுக்கும் வலி வலிதான். அவள் கத்தவில்லை என்றால், கத்தி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவே.

இதே மலையில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நட்சத்திரத்தைப் பார்க்க மலைமேல் எல்லா வசதியும் செய்ய முடிந்த நாட்டுக்கு, பிரசவ அறையை எட்டிப் பார்க்கவும் முடியும்.

ஊசி இல்லாத இடத்தில்

எபிடியூரல் இல்லையென்றால் எதுவுமே இல்லை என்று அர்த்தமில்லை. கேட்கிற பெண்ணுக்கு எபிடியூரல் தரலாம் என்று 2018-ல் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம், அதே அறிக்கையில் செலவில்லாத சில வழிகளையும் சொன்னது: பிரசவம் முழுக்கப் பக்கத்தில் ஒரு துணை, மூச்சுப் பயிற்சி, இடுப்பை அழுத்தித் தேய்த்துவிடுவது, வெந்நீர் ஒத்தடம், படுத்தே கிடக்காமல் நடப்பது, உட்காருவது.

இவை வலியை எடுத்துவிடாது, தாங்க உதவும். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாகப் பெண் உறவினர் ஒருவரை அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. கேட்டு வாங்குங்கள்.

பிரிட்டனில் பல வருடங்களாகப் புழக்கத்தில் உள்ள இன்னொரு வழியும் இருக்கிறது. நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்த வாயு. வலி வரும்போது தாயே முகமூடியைப் பிடித்து இழுத்துக்கொள்ளலாம். நிறுத்தினால் சில நிமிடங்களில் விளைவு போய்விடும். தலைசுற்றல், குமட்டல் வரலாம். இதற்கு மயக்க மருத்துவர் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியரும் காற்றோட்டமான அறையும் போதும். மலை சுகாதார நிலையங்களுக்கு அரசு முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 64. இதற்குப் பல காரணங்கள். வலிக்குப் பயந்து "கிழிச்சு எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்பதும் அதில் ஒன்று. அந்தப் பயத்துக்கு மருந்து கொடுக்காமல், "அந்தக் காலத்துல நாங்க பெத்துக்கலையா?" என்று அறிவுரை கொடுத்துப் பயனில்லை.

இப்போதே செய்ய வேண்டியவை

ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே கேளுங்கள்: இங்கே எபிடியூரல் உண்டா? இரவிலும் மயக்க மருத்துவர் இருப்பாரா? செலவு எவ்வளவு? இல்லையென்றால் வலிக்கு வேறு என்ன தருவீர்கள்? யார் கூட இருக்கலாம்? வலி வந்த பிறகு இதையெல்லாம் கேட்க வாய் வராது.

மலையில் இருப்பவர்கள் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். மலைப்பகுதிக் கர்ப்பிணிகள் முன்கூட்டியே வந்து தங்கப் பிரசவ காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு அருகில் எங்கே என்று கிராம சுகாதார செவிலியரிடம் விசாரித்து, தேதிக்குச் சில நாள் முன்பே போய்விடுங்கள். துணைக்கு ஒருவரை இப்போதே சொல்லி வையுங்கள்.

பிரசவ அறையில் இருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். வலியில் கத்தும் பெண்ணை, இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் திட்டும் வழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதை நிறுத்த மயக்க மருத்துவரும் வேண்டாம், தியேட்டரும் வேண்டாம். "வலிக்குது" என்று அவள் சொன்னால் நம்புங்கள். மலைமேல் இன்றைக்கே கொடுக்க முடிந்த முதல் மருந்து அது.