அழியாதவற்றை அழிப்பது யார்?

இலக்கியம் பேசும் இடத்தில் வேதியியலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் இங்கு பேச வந்தது ஒரு வினைச்சொல்லைப் பற்றி.

வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தும்போது 'திருந்தினான், திருத்தினான்' என்று தொடங்குவோம். 'அழிந்தது, அழித்தான்' என்பதும் அத்தகைய இணையே. உதிர்ந்த இலை மண்ணில் தானே மக்குகிறது. அதற்கு எவரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இந்தத் தன்வினைக்கு எளிதில் இடங்கொடாத சில பொருள்களைச் சென்ற நூற்றாண்டு ஆக்கி வைத்தது. பி.எஃப்.ஏ.எஸ். என்னும் ஃபுளூரின் சேர்மங்கள் அவை.

அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகே ஓஹையோ ஆற்றங்கரையில் இருந்த டூபாண்ட் ஆலை, 1951 முதல் டெஃப்ளான் தயாரிப்பில் பி.எஃப்.ஓ.ஏ. என்னும் சேர்மத்தைப் பயன்படுத்தியது. அது ஆற்றிலும் காற்றிலும் நிலத்திலும் கலந்து குடிநீரை அடைந்தது. வில்பர் டெனன்ட் என்னும் விவசாயியின் மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. 1999-இல் அவருக்காக ராபர்ட் பிலோட் வழக்குத் தொடுத்தார். பின்னர் ஏறத்தாழ 69,000 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் இச்சேர்மத்துக்கும் தொடர்பிருக்க வாய்ப்புண்டு என 2012-க்குள் அறிவியல் குழு முடிவுரைத்தது. 2017-இல் ஏறத்தாழ 67 கோடி டாலர் இழப்பீட்டுடன் ஆயிரக்கணக்கான வழக்குகள் முடிந்தன. வழக்கு முடிந்தது, சேர்மம் முடியவில்லை.

கார்பனும் ஃபுளூரினும் கொள்ளும் பிணைப்பு, கரிமச் சேர்மங்களில் காணப்படும் ஒற்றைப் பிணைப்புகளில் மிக வலியது. மண்ணின் நுண்ணுயிர்களால் அதை எளிதில் அறுக்க முடிவதில்லை. அதற்காக மண்ணில் எதுவுமே நிகழ்வதில்லை என்பதும் சரியன்று. கம்பளங்களுக்கும் உணவுப் பொதித்தாள்களுக்கும் பூசப்பட்ட பூச்சுகளோடு தொடர்புடைய சில சேர்மங்கள் மண்ணில் உருமாறுகின்றன. நுண்ணுயிர்கள், கரும்பின் சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்புவதுபோல, ஃபுளூரின் இல்லாத பகுதியைத் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடுகின்றன. அந்த மீதியில் பி.எஃப்.ஓ.ஏ.வும் ஒன்று. பழைய சேர்மத்தை மட்டும் அளப்பவருக்கு அது குறைந்திருப்பது தெரியும். 'சிதைந்துவிட்டது' என்று அவர் எழுதவும் கூடும். உண்மையில் அது பெயர் மாற்றிக்கொண்டு நிலத்தடி நீருக்குள் இறங்கியிருக்கும். சொல்லில் வரும் பிழை நீரில் முடிகிறது.

'நீக்கம்' என்னும் சொல்லும் இவ்வாறே ஏமாற்றும். கரி வடிகட்டி நீரிலிருந்து சேர்மத்தைப் பிரித்தெடுக்கிறது; அழிப்பதில்லை. நஞ்சு நீரிலிருந்து கரிக்கு இடம்பெயர்கிறது, அவ்வளவே.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. நியூ ஜெர்சியின் சதுப்பு மண்ணில் கண்டெடுத்த ஏ6 என்னும் பாக்டீரியா, ஆய்வகத்தில் 100 நாட்களில் 60 விழுக்காடு வரை பி.எஃப்.ஓ.ஏ.வை நீக்கி ஃபுளூரைடை வெளிவிட்டதாகப் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2019-இல் அறிவித்தனர். 2022-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார், சோடியம் ஹைட்ராக்சைடையும் ஒரு கரைப்பானையும் கொண்டு, கொதிநீரை ஒத்த வெப்பத்திலேயே இவ்வகை அமிலங்கள் சிலவற்றைச் சிதைத்துக் காட்டினர். ஆயினும் குடுவையில் நடந்தது, பல மைல் பரந்த நிலத்தடியில் அப்படியே நடந்துவிடாது.

2018-இல் இவற்றுக்கு 'என்றென்றைக்குமான வேதிப்பொருள்கள்' என்னும் பெயர் அமைந்தது. அப்பெயர் உலகை உலுக்கியது, நன்மையே. ஆனால் அதற்குள் ஒரு கைவிரிப்பும் ஒளிந்திருக்கிறது. என்றைக்கும் அழியாது எனில் அழிக்கும் கடமையும் எவருக்கும் இல்லை அல்லவா? 2024-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ. ஒரு லட்சம் கோடியில் 4 பங்குக்கு மேல் கூடாது என வரம்பிட்டது. அதற்கான கெடுவை 2029-இலிருந்து 2031-க்குத் தள்ளப்போவதாக மறு ஆண்டே அறிவித்தது. வடிகட்டும் செலவு முதலில் விழுவதோ குடிநீர் வழங்குவோர் தலையில். அவர்கள் வழியாகக் குடிப்பவர் தலையிலும்.

'இவை அழியுமா?' என்று கேட்பதை நாம் நிறுத்தலாம். அழிக்க முடியும் என்பதற்கான தொடக்கங்கள் தெரிகின்றன. பிறவினைக்குச் செய்பவர் ஒருவர் வேண்டும். செய்தவரே அழிப்பவராகவும் இருக்க வேண்டும், குறைந்தது அதற்கான செலவையேனும் ஏற்க வேண்டும் என்பதே நம் கருத்து. அதுவரை 'அழிக்கப்படும்' என்று வரும் ஒவ்வோர் அறிக்கையிலும், 'யாரால்?' என்று கேட்டுக்கொண்டே இருப்போம்.