அடுக்களைப் பக்கம்: சால்மனும் காலாவும்

கடந்த சில திங்களாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே வினா மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது. சால்மன் என்னும் மீனை நம்மவர் முறைப்படி சமைப்பது எங்ஙனம் என்பதே அது. கேட்போருள் ஒரு சாரார், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மக்கள் அம்மீனை விரும்புவதால் கேட்கின்றனர். மற்றொரு சாரார், மருத்துவர் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டமையால் கேட்கின்றனர். நாம் இரண்டாம் சாராரைச் சேர்ந்தவர்கள். ரயில்வே அலுவலகத்தில் கோப்பும் குறிப்புமாகப் பொழுதைக் கழிக்கும் நமக்கு மீன் சமையலைப் பற்றி எழுத என்ன தகுதி உண்டு என அன்பர்கள் வினவக்கூடும். பெரும்பொருள் கொடுத்து வாங்கிய மீனைப் பாழாக்கிய தகுதி ஒன்றே உண்டு.

சென்ற ஆண்டு எமது அன்னையாருக்கு இருதய இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட, கடலூர்ப் பக்கத்துக் கடற்கரைச் சிற்றூரிலிருந்து அவரை மும்பைக்கு அழைத்து வந்தோம். சிகிச்சை முடிந்து இல்லம் திரும்பும் நாளில் உணவுக் குறிப்புத் தாள் ஒன்றைக் கையில் தந்தனர். உப்பைக் குறைக்க வேண்டும், கருவாடு கூடாது, ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, வாரம் இருமுறை சால்மன் போன்ற மீன் உண்ணலாம் என்று அதில் கண்டிருந்தது. "போன்ற" என்னும் சொல்லை நாம் கவனிக்கவில்லை. நாள்தோறும் அரசாங்கச் சுற்றறிக்கைகளில் ஒவ்வொரு சொல்லாக எண்ணிப் படிக்கும் நாம், வீட்டுக்கு வந்த தாளில் அதை விட்டுவிட்டோம்.

அன்னையாருக்கு அந்நாளில் சோறு இறங்கவில்லை. அறுபது ஆண்டுகளாகக் கருவாட்டுக் குழம்பின் மணத்தோடு வாழ்ந்தவருக்கு, உப்புக் குறைந்த பருப்பும் அவித்த காயும் பிறர் வீட்டு உணவாகவே தோன்றின. "பசி இல்லப்பா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். உடல் நாளுக்கு நாள் மெலிந்தது. ஆகவே எப்பாடுபட்டேனும் அந்தச் சால்மனை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம்.

பெரிய கடை ஒன்றில், பனியில் உறைந்து தாளுறையில் அடைபட்ட இளஞ்சிவப்புத் துண்டுகள் கிடைத்தன. ஒரு வார மீன் செலவு முழுதும் அந்தச் சிறு பொட்டலத்துக்கே சரியாயிற்று. எமது இல்லாள் அதை வஞ்சிரம் போலவே எண்ணி, தேங்காய் அரைத்து விட்டு, நல்லெண்ணெய் தாராளமாய் ஊற்றி, இருபது நிமிடம் கொதிக்கவிட்டார். மூடியைத் திறந்தால் துண்டு ஒன்றையும் காணோம். குழம்பின் மேல் விரற்கடை அளவுக்கு எண்ணெய் நின்றது. அடியில் தூள் தூளாக மீன் கிடந்தது. அன்னையார் ஒரு வாய் உண்டார். பிறகு ஒரு குறையும் சொல்லாமல் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார். அவர் குறை சொல்லியிருந்தால் நமக்கு அத்துணை வருத்தம் இருந்திராது.

அடுத்த வாரம் வேறொரு கடையில் "இந்தியன் சால்மன்" என்று பலகை தொங்கக் கண்டோம். விலை பாதிக்கும் குறைவு. இறக்குமதிச் சரக்கை ஏன் வாங்கினோம் என்று நம்மையே நொந்துகொண்டு அரைக் கிலோ வாங்கி வந்தோம். இல்லத்தில் பொதியைப் பிரித்தால் துண்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சிவப்பின் சாயலே இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நாம் கொதித்துக்கொண்டிருக்கையில், அன்னையார் ஒரு துண்டைக் கையிலெடுத்து முகர்ந்து பார்த்து, "இத முழு மீனாப் பாக்கணும். என்னைய மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். சிகிச்சைக்குப் பின் அவர் வெளியே செல்ல விரும்பியது அதுவே முதன்முறை.

ஞாயிறன்று மெல்ல நடத்தி அழைத்துச் சென்றோம். கோலி இனப் பெண்மணி ஒருவர் பலகையின் முன் அமர்ந்து வெள்ளி நிறத்தில் நீண்ட மீனொன்றைக் காட்டி "ராவஸ்" என்றார். அன்னையார் குனிந்து, மீனின் மார்புத் துடுப்பை விரலால் விலக்கி, அதனடியில் மீசை போலத் தொங்கிய நூல்களை எண்ணினார். நான்கு இருந்தன. "இது நம்ம காலாதானேப்பா! இதுக்கு எதுக்கு இங்கிலீசுப் பேரு?" என்று சிரித்தார். பின்னர் அவருக்கும் அம்மீன்காரப் பெண்மணிக்கும் நடந்த பேரத்தில் ஒருவர் மராத்தியிலும் ஒருவர் தமிழிலும் பேசினர். நாம் மொழிபெயர்க்க முயன்றபோது இருவரும் நம்மைப் பொருட்படுத்தவில்லை.

ஆகக் கடைக்காரர் ஏமாற்றவில்லை, பெயர்தான் ஏமாற்றியது. நம் கடற்கரையில் காலா என்றும், மும்பையில் ராவஸ் என்றும், கொல்கத்தாவில் குர்ஜாலி என்றும் வழங்கும் மீனே ஆங்கிலத்தில் இந்தியன் சால்மன் எனப்படுகிறது. இதற்கும் உண்மையான சால்மனுக்கும் உறவு இல்லை, குடும்பமே வேறு. காலா வெப்பக் கடலில் வாழ்வது. சதை வெண்மையானது, இறுக்கமானது, கொழுப்புக் குறைந்தது. சால்மன் குளிர்நாட்டு மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் பிறந்த ஆற்றையே தேடி வருவது அதன் இயல்பு. கொல்கத்தா அன்பர்கள் நன்கறிந்த இலிஷ், அதாவது நம் உல்லம், கடலிலிருந்து ஆறேறி முட்டையிடுவதும் இவ்வகையிற் சேர்ந்ததே. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுவதற்கு முன் காவிரியிலும் உல்லம் நெடுந்தூரம் ஏறி வந்ததுண்டு.

இன்று நம் நாட்டுக் கடைகளுக்கு இறக்குமதியாகும் சால்மனிற் பெரும்பகுதி கடல் ஆற்றில் திரிந்ததன்று. நார்வே முதலிய நாடுகளின் கடலோரங்களில் வலைக்கூண்டுகளில் வளர்க்கப்படுவது. வளர்ப்புச் சால்மன் நூறு கிராமில் ஏறத்தாழ 13 கிராம் கொழுப்பு உண்டு. எமது குழம்பில் எண்ணெய் மிதந்ததன் காரணம் இப்போது விளங்கும். அதன் செந்நிறம் கடலில் இறால் இனச் சிற்றுயிர்களை உண்பதால் வருவது. வளர்ப்பு மீனுக்கு அந்நிறப் பொருளைத் தீனியில் சேர்த்துக் கொடுக்கின்றனர்.

மறு தவணை மருத்துவரைக் கண்டபோது இவ்வளவும் கூறி, காலா கொடுத்தால் போதுமா என வினவினோம். அவர் அந்தத் தாளை வாங்கி "போன்ற" என்னும் சொல்லின் கீழே கோடிட்டார். சால்மனை அவர் எழுதியது ஒமேகா-3 என்னும் கொழுப்புக்காகவாம். அது எண்ணெய்ச் சத்து மிக்க மீன்களில் உள்ளது. காலா நல்ல மீனே. ஆயினும் அவ்வெண்ணெய் அதில் குறைவு. மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் அது நிறைய உண்டு. மும்பையில் தார்லி, பாங்டா என்று கூவி விற்கப்படுபவை அவையே. "மத்தி சாப்பிடுவார்களா?" என்று மருத்துவர் கேட்டபோது அன்னையாரின் முகத்தைக் காண வேண்டுமே! மத்தி சாப்பிடுவாரா என்று கடலூர்க்காரரைக் கேட்கலாமோ?

அன்றுமுதல் எமது இல்லத்தில் வாரம் ஒருமுறை மத்தி அல்லது கானாங்கெளுத்தி. மற்றொரு முறை காலா. சால்மன் ஏதேனும் சிறப்பு நாளில் மட்டும். எனினும் கேட்ட அன்பர்களுக்குச் சமையல் முறையைச் சொல்லியாக வேண்டும். இனி வருவன எமது இல்லாளும் அன்னையாரும் சேர்ந்து பலமுறை செய்து தேர்ந்தவை.

உறைந்த துண்டை முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுக. காற்று நீக்கிய உறையாயின் அதைப் பிரித்துவிட்டு ஒரு கிண்ணத்தில் மூடி வைப்பதே பாதுகாப்பு. வெந்நீரில் போட்டு அவசரமாய் இளக்குவது கூடாது. இளகியபின் விரலால் சதையைத் தடவிப் பார்த்தால் நடுவே சிறு முட்கள் வரிசையாகத் தட்டுப்படும். சிறு இடுக்கியால் அவை சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழுத்துவிடுக. குழந்தைகள் உள்ள இல்லத்தில் இதைத் தவறாமற் செய்க.

வறுவலே இம்மீனுக்கு முதல் தரம். விரல் பருமனுக்குச் சற்று மிகுந்த நான்கு துண்டுகளை ஈரம் போகத் துணியால் ஒற்றி, அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி மிளகுத்தூள், சிறிது மிளகாய்த்தூள், அளவான உப்புத் தடவுக. எலுமிச்சைச் சாற்றைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட வேண்டா. புளிப்பு சதையை வெளிறச் செய்து இறுக்கிவிடும். இரும்புத் தோசைக்கல்லைக் காயவைத்து ஒரே ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவித் தோல் கீழாக வைக்குக. வஞ்சிரத்துக்கு ஊற்றுவது போல் ஊற்றினால் கெட்டது காரியம்; மீனே தன் எண்ணெயைக் கக்கும். மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் அசையாமல் விடுக. தோல் முறுகியதும் கல்லிலிருந்து தானே விட்டுக் கொடுக்கும். அதற்கு முன் கரண்டியால் நோண்டுவதே எல்லாரும் செய்யும் பிழை. பின்பு திருப்பி இரண்டு நிமிடம். பக்கங்களில் வெள்ளையாகத் திரண்டு வருவது கண்டு மீன் கெட்டதோ என அஞ்ச வேண்டா; முட்டை வெண்கரு உறைவது போன்ற புரதமே அது. மிகுதியாக வெளிப்பட்டால் தீ அதிகம் என்று அறிக. நடுவில் கரண்டி முனையால் அழுத்தினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும்.

குழம்பு வைக்க விரும்புவோர் ஒன்றை மனத்திற் கொள்க: குழம்பு கொதித்து முடிந்தபிறகே மீன் உள்ளே செல்ல வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம், தக்காளி வதக்கி, புளியைச் சற்றுக் கூடுதலாகக் கரைத்து விட்டு, மிளகாய், மல்லித்தூளுடன் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுக. தேங்காய் வேண்டா. கொழுப்பு மீனுக்குத் தேங்காய் திகட்டும். புளியே அதை வெட்டும். குழம்பு பதமானபின் துண்டுகளைப் பரப்பி, மூடி, சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வைத்து இறக்குக. கரண்டி போட்டுக் கிளறாமல் சட்டியின் விளிம்பைப் பிடித்துச் சுழற்றுக. காலாவாயின் இதற்கு நேர்மாறு: தேங்காய் அரைத்து விடலாம், நல்லெண்ணெயும் தாராளமாய் விடலாம், பத்து நிமிடம் கொதித்தாலும் துண்டு உடையாது. இல்லாள் முதல் நாள் வைத்தது குற்றமற்ற காலாக் குழம்புதான். சட்டியில் இருந்த மீன்தான் வேறு.

ஆயினும் எமது இல்லத்தில் வென்றது புட்டே. சால்மனின் வால் பக்கத்து மெலிந்த துண்டுகள் வறுவலுக்கு உதவா. அவற்றை மஞ்சள் தூவி ஆவியில் எட்டு நிமிடம் வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி, சுறாப் புட்டுக்கு உதிர்ப்பது போல் உதிர்த்துக்கொள்க. கடுகு, சோம்பு தாளித்து, பொடியாக அரிந்த வெங்காயம் இரண்டு கைப்பிடி, இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை சேர்த்து நன்கு வதக்கி, உதிர்த்த மீனைக் கொட்டி ஈரம் வற்றும்வரை மெல்லப் புரட்டுக. உப்பு மிகக் குறைவாகவே போதும். இஞ்சியும் வெங்காயமும் அந்தக் குறையை மறைத்துவிடும். தகரப் புட்டியில் வரும் சால்மனிலும் இதைச் செய்யலாம். அதிலுள்ள எலும்புகள் மெத்தென்று வெந்திருக்கும். நசுக்கிச் சேர்த்துவிடலாம், சுண்ணாம்புச் சத்து. ஆனால் அதில் முன்னமே உப்பு உண்டாகையால் இருதய நோயாளருக்கு உதவாது.

முதன்முதலாக இந்தப் புட்டைச் செய்த நாளில், அன்னையார் அடுக்களை வாயிலில் நாற்காலி போட்டமர்ந்து, "இஞ்சி பத்தாது", "தீயைக் குறைம்மா" என்று மருமகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். உண்ணும்போது இரண்டாம் முறை சோறு கேட்டார். எமது இல்லாள் சோற்றைப் பரிமாறிவிட்டு, அடுப்பைத் துடைக்கும் பாவனையில் அப்பால் திரும்பிக்கொண்டார்.

மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் நாளிலிருந்து ஜூலை இறுதிவரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்நாளில் புதிய காலாவும் மத்தியும் அரிதாகும். அப்போது சால்மன் பொட்டலத்தின் பக்கம் கண் செல்வது இயல்பே. வாங்குவோர் ஒரு துண்டை வறுவலுக்கும் வாலைப் புட்டுக்கும் என இரு வேளைக்குப் பிரித்துக்கொள்க.

இத்தனையும் எழுதிய நாம் சால்மனின் விலையை மட்டும் எங்கும் குறிக்காமல் விட்டதை அன்பர்கள் கவனித்திருக்கலாம். அன்னையார் இவ்விதழை மாதந்தோறும் கண்ணாடி அணிந்து முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை வாசிப்பவர். அவரிடம் நாம் சொல்லிவைத்திருக்கும் விலை வேறு.