சாலை யாருக்கு?

"அடையாளம் தெரியாத வாகனம் மோதித் தொழிலாளி பலி." நாளேட்டின் உள்பக்கத்தில் இந்த வரியைப் பார்க்காத வாரம் நமக்கு உண்டா? ஈயத்தில் அச்சுக் கோத்த காலமாக இருந்திருந்தால் இந்த வரியைக் கலைக்காமல் அப்படியே எடுத்து வைத்திருப்பார்கள். இடத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். வாகனத்துக்கு அடையாளம் தெரியவில்லை என்கிறார்கள். செத்தவனுக்கும் அந்தச் செய்தியில் அடையாளம் கிடையாது. எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தான், எத்தனை வயிறுகள் அவன் கூலியை நம்பியிருந்தன என்பதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை.

ஐதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களில் தமிழர் வாழ்வு நேற்றுத் தொடங்கியதன்று. சென்னை ராஜதானிப் படைகளோடு கன்டோன்மென்ட்டுக்கு வந்தவர்களும், லாலாகூடா ரயில்வே பட்டறையில் உழைத்தவர்களும் நமக்கு முன்னோர்கள். அவர்கள் நடந்தோ சைக்கிள் மிதித்தோ வேலைக்குப் போனார்கள். இன்று கட்டட வேலைக்கும், ஓட்டல் வேலைக்கும், காவல் வேலைக்கும், வீட்டு வேலைக்கும் போகிற நாமும் நடந்தும் சைக்கிளிலும் பழைய மோட்டார் சைக்கிளிலும்தான் போகிறோம். மாறியது சாலை. அது அகலமாகியிருக்கிறது, வேகமாகியிருக்கிறது, மேலே மேலே எழும்பியிருக்கிறது. நமக்கு மட்டும் அதில் இடம் குறைந்திருக்கிறது.

மத்திய அரசே வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் நூற்றுக்கு 44.5 பேர், நடந்து சென்றவர்கள் 19.5 பேர். இந்த இரண்டு கூட்டத்தை மட்டும் சேர்த்தாலே மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. சாலைக்கு வரி போடும்போதும், பாலத்துக்கு அடிக்கல் நாட்டும்போதும், ரிப்பன் வெட்டும்போதும் பேசப்படுகிறவர்கள் காரில் போகிறவர்கள். பிணவறையில் வரிசையாகக் கிடத்தப்படுகிறவர்கள் வேறு. இதை விதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள நாம் தயாராக இல்லை. சாலையை இப்படி அமைப்பது என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். முடிவு செய்யப்படுகிற எதுவும் அரசியல்தான்.

கச்சிபௌலி பக்கம் பயோடைவர்சிட்டி சந்திப்பில் ஒரு மேம்பாலம் இருக்கிறது. 2019 நவம்பர் 4ஆம் நாள் திறந்தார்கள். ஒரு வாரம் முடிவதற்குள் அதன் மேல் நின்றிருந்த இரு இளைஞர்கள் கார் மோதித் தூக்கியெறியப்பட்டு இறந்தனர். நவம்பர் 23ஆம் நாள், மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வரம்பு கட்டியிருந்த அந்த வளைவில் நூறுக்கும் மேலான வேகத்தில் வந்த கார் ஒன்று தடுப்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. கீழே சாலையோரம் வண்டிக்காகக் காத்து நின்ற ஒரு பெண்மணி அந்த இடத்திலேயே மாண்டார். பாலத்தின் மேல் அவர் போகவில்லை. அந்தப் பாலத்தால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. தரையில் நின்றவரின் தலையில் வானத்திலிருந்து கார் விழுந்தது. பிறகு பாலத்தை மூடினார்கள், நிபுணர்களை அழைத்தார்கள், தடுப்புகளைப் பலப்படுத்தினார்கள், 2020 ஜனவரியில் மீண்டும் திறந்தார்கள். ஓட்டியவன் செய்தது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுகிறவன் தவறு செய்வான் என்று எதிர்பார்த்துத்தான் வளைவும் தடுப்புச் சுவரும் திட்டமிடப்பட வேண்டும். மூன்று உயிர் போன பிறகு செய்ததைத் திறப்பு விழாவுக்கு முன்பே செய்திருக்க முடியாதா?

இனி தினமும் நடக்கிற கொடுமைக்கு வருவோம். அதற்குச் செய்தித்தாளில் படமெல்லாம் வராது. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் பெண்களுக்குப் பேருந்துக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு மாதச் செலவில் உண்மையான மிச்சம். ஆனால் பேருந்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் போகும்போதோ வரும்போதோ ஒரு தடவை சாலையைக் கடந்தே தீர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மூன்று வண்டித் தடம், தடம் ஒன்றுக்கு மூன்றரை மீட்டர். ஆகப் பத்தரை மீட்டர். வயதான அம்மாள் நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பார் என்றால் பத்து நொடிக்கு மேல் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி அதற்குள் 175 மீட்டர் ஓடிவிடும். இருட்டில், எதிர் விளக்கு கண்ணைக் கூசும் வேளையில், 175 மீட்டருக்கு அப்பால் வருகிற வண்டியின் வேகத்தை எடைபோட்டு அவர் காலை எடுத்து வைக்க வேண்டும். அதுவும் பாதிச் சாலைக்குத்தான். நடுவில் நிற்க இடம் இருந்தால் நிற்கலாம். பல இடங்களில் இடுப்புயரச் சுவரோ இரும்புக் கம்பியோதான் இருக்கிறது. அரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு நடைமேம்பாலம் இருக்கும். அதன் படிகளில் ஏறி இறங்கு என்று உபதேசம் செய்வார்கள். முழங்கால் தேய்ந்தவர்களிடம், தலையில் சுமை உள்ளவர்களிடம் இதைச் சொல்கிறவர்கள் ஒரு நாள் அந்தப் படியில் ஏறிப் பார்க்கட்டும். கார் மேலே ஏறி இறங்கட்டும், மனிதன் தரையில் நடக்கட்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை.

நடைபாதை? அது கடையாகவும், மின்மாற்றி நிற்கும் இடமாகவும், மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடமாகவும் இருக்கிறது. தெருவோரத்தில் இட்லிக்கடை போட்டுப் பிழைக்கிற நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்களை விரட்ட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கடைக்கும் காலுக்கும் இடம் வைத்து நடைபாதை போட முடியும். சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் நூற்றுக்கு அறுபது நடப்பவர்க்கும் சைக்கிள்காரர்க்கும் என்று அதில் எழுதப்பட்டது. 2019இல் பாண்டி பஜாரில் சாலையைக் குறுக்கி நடைபாதையை விரித்தார்கள். சென்னை முழுவதும் சொர்க்கமாகிவிட்டது என்று பெருமையடிக்க மாட்டோம். அங்கே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.

சைக்கிளுக்கு இங்கே எதுவும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். வெளிவட்டச் சாலையோரம் 23 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதை, மேலே சூரிய மின்தகடுகளால் கூரை. 2023 அக்டோபரில் திறந்து வைத்தார்கள். வெயில் படாமல் மிதிக்கலாம். அதன் மேல் நமக்குப் பொறாமை இல்லை; உடம்பு இளைக்க மிதிக்கிறவர்கள் நன்றாக மிதிக்கட்டும். விடியற்காலையில் பால் பாத்திரத்தையும், சட்டிபானையையும், சாந்துக் கரண்டியையும் கட்டிக்கொண்டு வயிற்றுக்காக மிதிக்கிறவனுக்கு நகருக்குள் ஒரு முழ அகலம் தனிப்பாதை எங்கே என்பதுதான் நம் கேள்வி.

இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் கேட்டவர் ஒரு தமிழர் என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கோவையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன், நொறுங்கிய எலும்புகளை ஒட்டி ஒட்டிச் சலித்தோ என்னவோ, 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் 2018 செப்டம்பர் முதல் கட்டாயமானது அந்த வழக்கின் பயன். நடப்பவர்க்கு நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் நீதிபதிகள் கூறியதும் அந்த வழக்கில்தான். அதே ஆண்டு அக்டோபரில், நடப்பவர் பாதுகாப்புக்கு ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டார்கள். உத்தரவு காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தைத் தெருவுக்கு இறக்குவது மக்கள் வேலை.

நம் பக்கத்துக் குறைகளையும் மூடி மறைக்கக் கூடாது. ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் பயணம் செய்கிறது. தலை காற்றில் போகிறது. 2022இல் மட்டும் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் நாடெங்கும் 50,029 பேர். அவர்களில் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் பதினான்காயிரத்துக்கும் மேல். பின்னால் அமர்வது பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. மனைவிக்கு ஒரு ஹெல்மெட் வாங்க முடியாதவன் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்குகிறான் என்றால் அதை வறுமை என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். நடைபாதையில் விற்கும் மெல்லிய தொப்பிகளை நம்பாதீர்கள்; ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றி நாம் எழுதிச் சலித்துவிட்டோம். பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் தகப்பன்மார் ஒன்றை நினைவில் வைக்கட்டும்: 2019 திருத்தச் சட்டப்படி பெற்றவருக்கே மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

இதையெல்லாம் விட நம் நெஞ்சை அறுப்பது வேறொன்று. விபத்து நடந்த பின் நம் குடும்பங்கள் தாமே தம் உரிமையை விட்டுவிட்டுப் போவது. உடலை வாங்கினோம், வண்டி பிடித்தோம், ஊருக்குக் கொண்டுபோய்க் காரியம் செய்தோம் என்று முடித்துவிடுகிறார்கள். மொழி தெரியாது, போலீசு என்றால் பயம், வழக்குக்கு அலைந்தால் கூலி போகும். லாரி முதலாளியின் ஆள் வந்து ஒரு சிறு தொகையைக் கையில் திணித்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிப் போவதும் உண்டு. தோழர்களே, அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, மோதிய வண்டியின் எண், இறந்தவரின் சம்பளத்துக்கு ஏதாவது ஒரு சீட்டு: இவை கையில் இல்லாமல் ஊருக்குப் புறப்படாதீர்கள். நஷ்டஈடு மனுவை விபத்து நடந்த இந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி மனுதாரர் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் போடலாம். விதவை சேலத்திலோ விழுப்புரத்திலோ போய் இருந்தால் அங்கேயே, தமிழ் பேசும் வக்கீலை வைத்தே வழக்கு நடத்தலாம். மனுப்போட ஆறு மாதம் கெடு. கெடுவைக் காட்டி மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது. அதை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம்.

மோதிய வண்டி ஓடிவிட்டதா? அப்போதும் கை விரிக்க வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் வந்த திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 இலட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்ட அதிகாரியிடமோ வட்டாட்சியரிடமோ மனுச் செய்ய வேண்டும். வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ நேர்ந்த விபத்தும், வேலையோடு தொடர்பு நிலைநாட்டப்பட்டால், அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் அடங்கும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் இறந்தவர் வேலைக்குப் புறப்பட்டுப் போன ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம், தொழிலாளர் இழப்பீடு இரண்டில் ஒன்றின் கீழ்தான் கேட்கலாம். எது நன்மை என்று வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள். சொந்த வண்டி தானே சறுக்கி விழுந்தால் மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் கைகொடுக்காது. உரிமையாளரே லைசென்சோடு ஓட்டி இறந்திருந்தால், அவர் பெயரில் கட்டியிருக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீடு 15 இலட்சம் தரும். ஐந்தாண்டு முடிந்த பழைய வண்டிகளுக்குப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? இந்த மாதக் கூலியில் முதலில் அதைக் கட்டுங்கள்.

அடிபட்டவர் உயிரோடு கிடந்தால் 108. நாடெங்கும் பரவிய அந்த வண்டி 2005இல் முதன்முதலாக ஓடத் தொடங்கியது இந்த ஐதராபாத்தில்தான். தூக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தவரைச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை, ஒதுங்கிப் போகாதீர்கள். 2025 மே முதல், குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் ஏழு நாள், ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெற மத்தியத் திட்டம் ஒன்று இருக்கிறது. முன்பணம் கட்டு என்றால் அந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் அந்த எல்லைக்குள் அடிபடும் எந்த மாநிலத்தவர்க்கும் முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தருகிறது. அங்கே தெலுங்கு பேசும் தொழிலாளிக்குக் கிடைப்பது இங்கே தமிழ் பேசும் தொழிலாளிக்கு ஒரு குறையும் இன்றிக் கிடைக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மாநகராட்சியிடம் நாம் வைக்கும் கோரிக்கை பெரிய பாலம் எதுவுமல்ல. பேருந்து நிறுத்தந்தோறும் தரையிலேயே கடக்க வெள்ளைக்கோடும் விளக்கும், நடுவில் நிற்க ஒரு திட்டு, எரிகிற தெருவிளக்கு, தடையில்லாத நடைபாதை, பள்ளியும் குடிசைப் பகுதியும் உள்ள இடங்களில் வேகத்துக்குக் கடிவாளம். ஒவ்வொரு பகுதித் தோழர்களும் தங்கள் தெருவில் ஆள் அடிபட்ட இடங்களை, நாளும் நேரமும் குறித்துப் பட்டியலாக எழுதுங்கள். "சாலை சரியில்லை" என்று பொதுவாக எழுதிய மனு குப்பைக்கூடைக்குப் போகும். இன்ன கம்பத்தருகே இத்தனை பேர் என்று எழுதினால் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீட்டுத் தெலுங்குக் குடும்பத்தையும் உருதுக் குடும்பத்தையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். லாரி மொழி பார்த்து மோதுவதில்லை. மனு தெலுங்கில் இருக்கட்டும். எழுதித் தர ஆள் தேட வேண்டாம், இங்கே பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளிடமே கொடுங்கள். தினமும் அந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகிறவர்கள் அவர்கள். எந்த இடத்தில் ஓட வேண்டியிருக்கிறது என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.